மிஸ்ஸிங், கம்ப்ரஷன் குறைவு: மலையேறும் வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், குமுளி, வண்டன்மேடு வட்டாரத்து வண்டிகளுக்குப் பாதி ஓட்டம் ஏற்றத்தில்தான். தரையில் தெரியாத கோளாறு இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் தெரிந்துவிடும். கம்பத்து மெக்கானிக் "பிக்கப் இல்ல" என்பார், குமுளி மெக்கானிக் "வலிவு இல்ல" என்பார். இரண்டு பேரும் அடுத்துச் சொல்வது பெரும்பாலும் "ரிங் போச்சு", அதாவது பிஸ்டனைச் சுற்றிக் காற்றைக் கசியவிடாமல் அடைக்கும் வளையம் தேய்ந்துவிட்டது. அந்த முடிவுக்குப் போகும் முன் வீட்டு வாசலில் வைத்தே பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே, கீழே.

1. மிஸ் அடிக்குதுங்கிறாங்க, கம்ப்ரஷன் இல்லங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?

இல்லை. மிஸ்ஸிங் என்பது அறிகுறி, கம்ப்ரஷன் குறைவு அதற்கான காரணங்களில் ஒன்று. ஒரு சிலிண்டர் எரிய மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவு பெட்ரோல், அடைத்து அமுக்கிய காற்று (அந்த அமுக்கம்தான் கம்ப்ரஷன்). மூன்றில் எது குறைந்தாலும் அந்த சிலிண்டர் மிஸ் அடிக்கும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று நின்றுபோனால் ஸ்டியரிங், சீட், கதவு எல்லாம் ஆடும். நான்கு சிலிண்டரில் அந்த ஆட்டம் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

பார்க்கும் வரிசை எப்போதும் தீப்பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன். முதல் இரண்டும் மலிவு, அடிக்கடி கெடுபவையும் அவைதான். ஆனால் கம்ப்ரஷன் கேஜ் கையில் இருந்தால் பிளக்கைக் கழற்றியதோடு சேர்த்து அதையும் பார்த்துவிடுங்கள். எப்படியும் பிளக்கைக் கழற்றத்தான் போகிறீர்கள்.

2. எந்த சிலிண்டர் மிஸ் ஆகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்ஜினை ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் ஓட்டம் தடுமாறி இறங்கும். ஏற்கெனவே செத்த சிலிண்டரை நிறுத்தினால் எந்த மாற்றமும் இருக்காது. மாற்றம் இல்லாததுதான் நீங்கள் தேடுவது.

நிறுத்தும் விதம் வண்டிக்கு வண்டி மாறும். இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுவது நல்லது. தீப்பொறியை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுக்கும். டெல்கோ என்று நாம் சொல்கிற டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) உள்ள பழைய ஆம்னி, 800-ல் பிளக் ஒயரைத்தான் எடுக்க வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு ஒயரை எடுத்து, ஒரு பழைய பிளக்கை அதில் மாட்டி, அந்த பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டால், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில் கெட்டுப்போகும். ஓடும்போது வெறுங்கையால் தொட்டால் ஆளைத் தூக்கி அடிக்கும். எந்த சிலிண்டரையும் பத்து விநாடிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள்.

பி.எஸ்.4 காலத்து வண்டியில் இருந்து வேலை இன்னும் சுலபம். புளூடூத் ஸ்கேனரைச் சொருகினால் பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது என்று அதுவே சொல்லும். பி0300 என்றால் ஒரே சிலிண்டர் என்று சொல்ல முடியாதபடி மாறி மாறி மிஸ் ஆகிறது. இன்ஜின் விளக்கு எரிவது வேறு, மினுக்குவது வேறு. மினுக்கினால் கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ் ஆகிறது என்று பொருள். ஏற்றத்தை விட்டுவிட்டு ஓரங்கட்டுங்கள்.

3. பிளக்கைக் கழட்டிப் பாத்தா என்ன தெரியும்?

நிறைய தெரியும். எல்லாப் பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டர் என்று அட்டையில் எழுதி வரிசையாக வையுங்கள். லேசான பழுப்பு என்றால் அந்த சிலிண்டர் ஒழுங்காக எரிகிறது. பெட்ரோலில் நனைந்து வாசம் அடித்தால் தீப்பொறி வரவில்லை, அல்லது கம்ப்ரஷன் இல்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருந்தால் ஆயில் ஏறுகிறது. வெளுத்து, முனை தேய்ந்திருந்தால் சூடு அதிகம் அல்லது பெட்ரோல் போதவில்லை. ஒரே ஒரு பிளக் மட்டும் கழுவியதுபோலப் பளபளத்தால் உஷார், அந்த சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது (11-வது கேள்வி).

வெள்ளைப் பீங்கானில் மயிரிழை மாதிரி கறுப்புக் கோடு ஓடுகிறதா, பிளக் ஒயரின் ரப்பர்த் தொப்பிக்குள் அதே கோடு இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் முனைக்குப் போகாமல் அந்தக் கோடு வழியாகக் கசிந்துவிடும். பிளக்கை மட்டும் மாற்றித் தொப்பியை விட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும்.

பிளக் முனையின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு போட்ட மெல்லிய தகட்டு இலைகள்) அளந்து பாருங்கள். டெல்கோ வண்டியில் 0.7 முதல் 0.8 மி.மீ., பிளக்குக்கு ஒரு காயில் வைத்த வண்டியில் ஏறக்குறைய 1 மி.மீ. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. திரும்ப மாட்டும்போது முதல் சில சுற்று கையாலேயே போக வேண்டும். ஸ்பேனரில் ஆரம்பித்தால் அலுமினிய மறை பிசகிவிடும். புதுப் பிளக் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று முறுக்கினால் போதும்.

4. மழைக்காலத்துல காலையில மட்டும் மிஸ் அடிக்குது, சூடானா சரியாயிடுது. இதுக்கும் இன்ஜினை இறக்கணுங்கிறாரே?

வேண்டாம். ஈரத்தால் வரும் மிஸ் முக்காலும் ஒயர், டெல்கோ மூடி, காயில் தொப்பியில்தான் இருக்கும். ஜூன் தொடங்கிக் குமுளிப் பக்கம் சாரல் பிடித்தால் இது சகஜம். இருட்டியதும் போனட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு, பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயரால் ஒயர்கள் மேல் பனி மாதிரி நீரை அடியுங்கள். கசிகிற இடத்தில் நீலப் பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

டெல்கோ மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயரை மல்டிமீட்டரில் வைத்தால் மீட்டர் நீளத்துக்குப் பத்து முதல் இருபது கிலோ ஓம் வரை காட்டலாம். ஒரு ஒயர் மட்டும் மற்றவற்றைவிடப் பல மடங்கு காட்டினாலோ, வளைக்கும்போது எண் துள்ளினாலோ, அதைத் தூக்கிப் போடுங்கள்.

5. கம்ப்ரஷன் கேஜ் வாங்கியாச்சு. எப்படி வச்சுப் பாக்கணும்?

அழுத்திப் பிடிக்கும் ரப்பர் கூம்பு வகையைவிட, மறை போட்டு முறுக்கும் வகையே நம்பத் தகுந்தது. முதல் தேவை நல்ல பேட்டரி. நிற்கும்போது 12.6 வோல்ட் இருக்க வேண்டும். மோட்டார் சோர்ந்து சுற்றினால் எல்லா எண்ணும் இறங்கிவிடும், நீங்கள் நல்ல இன்ஜினைச் சந்தேகிப்பீர்கள்.

இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கக் கொதிக்கப் பிளக்கைக் கழற்றினால் மறை கூடவே வரும். பிளக் குழியைச் சுற்றிக் காற்றடித்து மண்ணை ஊதிவிட்டு, எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோல் பம்ப் பியூஸை எடுங்கள், காயில் கனெக்டரைக் கழற்றுங்கள். இதை விட்டால் திறந்த ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீறிட, பக்கத்தில் பொறியும் பறக்கும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தபடியே சாவியைத் திருப்ப வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று உள்ளே வராது, கம்ப்ரஷன் குறைவாகவே காட்டும்.

கேஜைக் கையால் முறுக்கி, முள் ஐந்தாறு தரம் துள்ளும்வரை சுற்றுங்கள். முதல் துள்ளலில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள். ரிங் தேய்ந்த சிலிண்டர் முதல் துள்ளலில் குறைவாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். வால்வ் கசியும் சிலிண்டர் குறைவாகத் தொடங்கி அப்படியே நிற்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் இரண்டு முறை பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. கேஜ் குழாயின் முனையில் டயர் டியூபில் இருப்பது மாதிரியே ஒரு வால்வ் பின் இருக்கும். அது கெட்டால் பஞ்சர் கடைப் பின்னை மாட்டிவிடுவார்கள். கேஜுக்கான பின்னின் ஸ்பிரிங் மிக மெல்லியது, டயர் பின்னின் ஸ்பிரிங் விறைப்பானது. அதைத் தள்ளித் திறக்கவே அழுத்தம் செலவாகி, கேஜ் குறைத்துக் காட்டும்.

6. எவ்வளவு வந்தா நல்லது? ஒருத்தர் 120 போதும்ங்கிறார், ஒருத்தர் 180 வேணுங்கிறார்.

பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாக 150 முதல் 190 பி.எஸ்.ஐ. வரை நல்ல எண். கிலோவில் சொன்னால் பத்தரை முதல் பதின்மூன்று சொச்சம் வரை (சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ.). 100-க்குக் கீழே போனால் ஐடிலிங்கிலேயே அந்த சிலிண்டர் தடுமாறும்.

ஆனாலும் தனி எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையேயான வித்தியாசம் முக்கியம். பெரிய எண்ணில் இருந்து 10 சதவீதத்துக்குள் மற்றவை இருந்தால் தூங்கப் போகலாம். 25 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கோளாறு உறுதி. 150, 148, 152 என்று வரும் வயதான இன்ஜின், 180, 178, 125 என்று வரும் இளைய இன்ஜினைவிட நிம்மதியாக மலையேறும்.

7. கம்பத்துல பாத்தப்ப 160, குமுளியில பாத்தா 150 காட்டுது. கேஜ் பொய் சொல்லுதா?

கேஜ் சரியாகத்தான் சொல்கிறது. கம்பம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 400 மீட்டர், குமுளி ஏறக்குறைய 900. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. சிலிண்டருக்குள் வரும் காற்றே குறைவு என்றால் அமுக்கிய பிறகும் குறைவுதான். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதத்தை ஒட்டி இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலோரத்தில் 170 காட்டும் இன்ஜின் கம்பத்தில் 162-ஐ ஒட்டியும், குமுளியில் 153-ஐ ஒட்டியும், 1,500 மீட்டர் உயர மூணாறில் 142-ஐ ஒட்டியும் காட்டும்.

எனவே கையேட்டில் போட்டிருக்கும் எண்ணை மலைமேல் வைத்து அப்படியே ஒப்பிட்டு இன்ஜினை இறக்காதீர்கள். வித்தியாசக் கணக்கு (6-வது கேள்வி) எந்த ஊரிலும் மாறாது, அதனால்தான் அதற்கு முதலிடம்.

8. மூணு சிலிண்டரும் ஒரே மாதிரி 110 காட்டுது. மூணு ரிங்கும் ஒரே நாள்ல போகுமா?

போகாது. எல்லாம் ஒன்றுபோலக் குறைந்தால் முதலில் உங்கள் சோதனையைச் சந்தேகியுங்கள்: பேட்டரி, மிதிக்காத ஆக்சிலரேட்டர், அடைத்த ஏர் ஃபில்டர், கேஜ் பின். அவை சரியென்றால் அடுத்தது டைமிங் பெல்ட். ஒரு பல் தாண்டினால் வால்வ் மூடும் நேரம் தள்ளிப்போய் எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோல இறங்கும். பெல்ட் கவரைத் திறந்து புள்ளியும் குறியும் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

இன்னொன்று, பெட்ரோலில் கழுவப்பட்ட சிலிண்டர். ஷெட்டில் இருந்து எடுத்து முற்றத்தில் விட்டு உடனே அணைப்பதை நான்கைந்து நாள் செய்தாலோ, ஸ்டார்ட் ஆகாமல் வெகுநேரம் மோட்டாரைச் சுற்றினாலோ, சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும். கம்ப்ரஷன் தற்காலிகமாகப் படுத்துவிடும். சிலிண்டருக்கு ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு, பிளக் இல்லாமல் சுற்றி, பிறகு மாட்டி ஸ்டார்ட் செய்தால் எழுந்துவிடும்.

9. ஒரு சிலிண்டர் மட்டும் கம்மி. ரிங்கா, வால்வா?

குறைந்த சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக 5 மி.லி. இன்ஜின் ஆயில் விடுங்கள். ஊசியில்லாத மருந்து சிரிஞ்சில் ஒரு துண்டு டியூப் மாட்டினால் அளவு தவறாது. கேஜை மாட்டாமல் இரண்டு சுற்று சுற்றி ஆயிலைப் பரப்பிவிட்டு, கேஜ் வைத்துப் பாருங்கள். 30, 40 என்று ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்). ஆயில் ரிங்கின் இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் அந்த ஏற்றம். அசையாமல் இருந்தால் வால்வ் அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு). ஐந்து பத்து ஏறுவதை எண்ணாதீர்கள், நல்ல சிலிண்டரிலும் அவ்வளவு ஏறும்.

ஆயிலை அள்ளி ஊற்றினால் எரியும் அறையின் இடமே சுருங்கிப் பொய்யாக ஏறும். டீசலில் இந்தச் சோதனையே வேண்டாம், அங்கே இடம் அவ்வளவு குறைவு.

10. பஞ்சர் கடைல கம்ப்ரசர் இருக்கு. காத்து விட்டு எங்க கசியுதுன்னு பாக்கலாமா?

பார்க்கலாம். சொல்லப்போனால் இதுதான் இருப்பதில் தெளிவான சோதனை. குறைந்த சிலிண்டரை, இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் மேலே வந்து நிற்கும் உச்சப் புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நான்காவது கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துக் கட்டைக் கல் வையுங்கள், காற்றடித்தால் பிஸ்டன் கீழே ஓடப் பார்க்கும். கிராங்க் நட்டில் ஸ்பேனரை மாட்டியபடி விட்டுவிடாதீர்கள். கம்ப்ரஷன் கேஜ் குழாயின் பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றுக் குழாயோடு இணைத்து, 30 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி 80 வரை போகலாம்.

பிறகு காதுதான் கருவி. ஏர் ஃபில்டர் வாயில் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்சர் முனையில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட்டில் விரிசல். பக்கத்து சிலிண்டரின் பிளக் ஓட்டையில் வந்தால் அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஆயில் வாயில் மெல்லிய சீறல் நல்ல இன்ஜினிலும் இருக்கும், அதனால் நல்ல சிலிண்டர் ஒன்றிலும் விட்டுக் கேட்டு ஒப்பிடுங்கள்.

11. பக்கத்து பக்கத்து ரெண்டு சிலிண்டரும் 70, 75. மூணாவது 160. இது என்ன கணக்கு?

இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் ஹெட் கேஸ்கட் எரிந்திருக்கிறது. ஒன்று அமுக்கும் காற்று மற்றொன்றுக்குப் போகிறது. வெயில் நாளில் ஆளும் மூட்டையும் ஏற்றி ஏறும்போது ஒருமுறை நன்றாகச் சூடேறி நின்ற வண்டியில் இது சில வாரம் கழித்துத் தலைகாட்டும்.

கூலன்ட் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வெள்ளைப் புகையோடு மிஸ், ஒரு பிளக் மட்டும் பளபளப்பு என்றால் கேஸ்கட் நீர்வழிப் பக்கம் உடைந்திருக்கிறது. சூடான இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், வெந்நீர் முகத்தில் அடிக்கும்.

12. மலை இறங்கி முடிச்சு ஆக்சிலரேட்டரைக் குடுத்தா பின்னாடி நீலப் புகை மண்டுது. ரிங்தானே?

வால்வ் கைடு சீலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். குமுளியில் இருந்து லோயர்கேம்ப் வரை இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கும்போது, மூடிய திராட்டிலுக்குப் பின்னால் பலத்த வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் தேய்ந்த சீல் வழியாக ஆயிலை உறிஞ்சி இன்லெட் பாதையில் சேர்த்து வைக்கும். கீழே வந்து மிதித்ததும் எல்லாம் சேர்ந்து எரிகிறது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஒரு குப்பென்று புகைத்து அடங்கினாலும் இதே சீல்தான்.

ரிங் தேய்ந்திருந்தால் ஏற்றத்திலும் சமதளத்திலும் விடாமல் புகைக்கும், ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று ஊதும். கம்ப்ரஷன் நன்றாக இருந்து இறக்கப் புகை மட்டும் இருந்தால் ஹெட் வேலையோடு முடியும். ரிங் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

13. ஐடிலிங்ல சுத்தமா இருக்கு, ஏத்தத்துல மூணாவது கியர்ல மிதிச்சா உதறுது. இன்னொரு வண்டி நேர் எதிரா, ஐடிலிங்ல மட்டும் உதறுது.

இரண்டுக்கும் காரணம் வேறு. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், அந்த நெரிசலில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவை. சோர்ந்த காயில், அகன்ற பிளக் இடைவெளி, கசியும் ஒயர் எல்லாம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அடைத்த பெட்ரோல் ஃபில்டரும் பலவீனமான பம்பும் ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

ஐடிலிங்கில் மட்டும் உதறினால் வெளிக்காற்று கசிந்து உள்ளே போகிறது, அல்லது வால்வ் லேசாகக் கசிகிறது. வேகம் ஏறினால் கசிவதற்கு நேரமில்லாததால் மறைந்துவிடும். இன்டேக் மேனிபோல்டு கேஸ்கட், பிரேக் பூஸ்டர் குழாய், ரப்பர்க் குழாய்களின் முனை ஆகியவற்றில் சோப்பு நீரைத் தெளித்துப் பாருங்கள். தெளித்த இடத்தில் ஓட்டம் மாறினால் அங்கேதான் கசிவு. கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கம் பட்டால் தீப்பிடிக்கும், நீரே போதும்.

14. கம்ப்ரஷன் மூணும் 165. பிளக் புதுசு. ஆனாலும் ரெண்டாவது சிலிண்டர் மிஸ். இனி என்ன?

மாற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டாவது காயிலை மூன்றாவதுக்கும், மூன்றாவதை இரண்டாவதுக்கும் போடுங்கள். மிஸ் மூன்றாவதுக்கு நகர்ந்தால் காயில்தான். நகரவில்லை என்றால் பிளக்கையும் அதேபோல மாற்றுங்கள், புதுப் பிளக்கிலும் பழுது வரும். அதற்கும் நகராவிட்டால் இன்ஜெக்டர். நீளமான ஸ்க்ரூடிரைவர் முனையை அதன்மேல் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால் டிக் டிக் கேட்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 11 முதல் 16 ஓம். சத்தமும் ஓமும் சரியாக இருந்தும் மிஸ் என்றால் வாயில் அடைப்பு, கழுவக் கொடுங்கள்.

இவை எல்லாம் சரி என்றால் கேம் ஷாஃப்டைப் பாருங்கள். தேய்ந்த கேம் வால்வைப் பாதிதான் திறக்கும். மெதுவாகச் சுற்றிப் பார்க்கும் கம்ப்ரஷன் சோதனையில் அது சில நேரம் தப்பிவிடும், ஓட்டத்தில் மாட்டும். டேப்பட் கவரைத் திறந்து கையால் சுற்றி, எல்லா வால்வும் ஒரே அளவு இறங்குகிறதா என்று வெர்னியரில் அளந்தால் தெரியும்.

15. நம்ம ஆம்னி கேஸ்ல ஓடுது. சூடானா மட்டும் மிஸ், ஆறினா சரி. டேப்பட் நானே வைக்கலாமா?

கேஸ் வண்டியில் முதல் சந்தேகமே டேப்பட்தான், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி. கேஸில் வால்வ் சீட் சீக்கிரம் தேயும். தேயத் தேய வால்வ் மேலேறி, டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒரு கட்டத்தில் சூட்டில் நீளும் வால்வ் முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வ் தன் சூட்டைச் சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாவிட்டால் அதன் விளிம்பு எரிந்துவிடும். டேப்பட் சத்தம் போடும் இன்ஜினைவிடச் சத்தமே இல்லாத கேஸ் இன்ஜினுக்குத்தான் பயப்பட வேண்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பாருங்கள்.

தாராளமாக நீங்களே வைக்கலாம். இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஒரு சிலிண்டரை உச்சப் புள்ளிக்குக் கொண்டுவந்து, அதன் இரண்டு ராக்கரும் லேசாக ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, கையேட்டில் சொன்ன ஃபீலர் இலையை நுழைத்து, இழுக்கும்போது மெல்லிய பிடிப்பு இருக்கும்படி ஸ்க்ரூவை வைத்து நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பும், மறுபடி அளக்காமல் விடாதீர்கள். 796 சிசி மூன்று சிலிண்டர் ஆம்னிக்குத் தீ வரிசை 1-3-2, அதே வரிசையில் போனால் குழப்பம் இராது. சரியாக வைத்தும் கம்ப்ரஷன் ஏறவில்லை என்றால் வால்வ் எரிந்துவிட்டது.

16. எஸ்டேட் ஜீப் டீசல். இதே கேஜ் வச்சுப் பாக்கலாமா?

கூடவே கூடாது. டீசலில் 350, 400 பி.எஸ்.ஐ. என்று வரும், பெட்ரோல் கேஜ் வெடிக்கும். ஹீட்டர் பிளக் அல்லது நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) ஓட்டையில் மாட்டும் தனிக் கேஜ் உண்டு. பழைய பம்ப் வகை ஜீப்பில் மிஸ் ஆகும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க, ஐடிலிங்கில் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். சத்தம் மாறினால் அந்த சிலிண்டர் நல்லது. கண்ணாடி அணிந்து, துணி சுற்றி, விரலை முன்னால் நீட்டாமல் செய்யுங்கள். அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் இருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். ஸ்கேனர்தான் வழி. குளிர் காலையில் கண்ணெரியும் வெள்ளைப் புகையோடு உதறி, இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கினால் முதலில் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். சூடேறிய பிறகும் தொடர்ந்தால் கம்ப்ரஷன் அல்லது நாசில்.

17. பைக்குக்கும் இதே முறைதானா?

இதேதான், கூடவே இரண்டு எச்சரிக்கை. சில பைக்குகளில் கிக் லேசாக இருக்கக் கேம் ஷாஃப்டிலேயே டீ-கம்ப்ரஷன் அமைப்பு இருக்கும், அதில் கேஜ் இயல்பாகவே குறைத்துக் காட்டும். பிளக் மறை 10 மி.மீ. என்றால் 10, 12 நியூட்டன் மீட்டரோடு நிறுத்துங்கள்.

18. கெட்டி ஆயில் ஊத்து, ஃப்ளஷ் போடுங்கிறாங்க. கம்ப்ரஷன் ஏறுமா?

தேய்ந்த இரும்பு எந்தப் புட்டியாலும் வளராது. கெட்டி ஆயில் புகையைக் கொஞ்சம் குறைக்கும், வண்டியை விற்பவர்களுக்குப் பிடித்த வைத்தியம் அது. ஆனால் கரியில் ஒட்டிக்கொண்ட ரிங் வேறு விஷயம். வெகுநாள் நின்ற வண்டியிலும், நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியிலும் ரிங் தன் காடியிலேயே சிக்கிக்கொள்ளும். பிஸ்டன்கள் நடுப்பாதையில் நிற்கும்படி வைத்து, ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலைச் சிலிண்டருக்கு 30 மி.லி. விட்டு ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். பிளக் ஓட்டையைத் துணியால் மூடிச் சுற்றி மிச்சத்தை வெளியேற்றி, இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். புகைக்கும், பயப்பட வேண்டாம். 200 கி.மீ. ஓட்டி மறுபடி அளந்தால் ஏறியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

19. ரிங் மட்டும் மாத்தினா போதுங்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

போர் நேராக இருந்தால் மட்டும். எஸ்டேட் மண் ரோட்டில் கிழிந்த ஏர் ஃபில்டரோடு ஓடிய வண்டியில் செம்மண் உள்ளே போய்ச் சுவரின் மேற்பகுதியை அரைத்திருக்கும். மேலே விரல் நகத்தில் தட்டும் படி இருக்கிறதா என்று பாருங்கள். புது ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியை ஃபீலரில் அளக்க வேண்டும். மேலே ஒருமுறை, அடியில் ஒருமுறை. 68.5 மி.மீ. போருக்குக் கால் மி.மீ.யை ஒட்டி இருந்தால் நல்லது. மேலே அளந்தது அடியில் அளந்ததைவிட வெகுவாகக் கூடினால் போர் கூம்பாகத் தேய்ந்திருக்கிறது. புது ரிங் போட்டாலும் ஆறு மாதத்தில் பழைய கதை. ரீபோர் செய்து (போரைக் கடைந்து பெரிதாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டன் போடுவதே வழி.

போர் நன்றாக இருந்தாலும் ஹோனிங் (சுவரைக் கல்லால் தேய்த்துக் கோடு போடுவது) இல்லாமல் ரிங் போடாதீர்கள். கண்ணாடியாகிப்போன சுவரில் ரிங் படியாது, குறுக்குமறுக்குக் கோடுதான் ஆயிலைப் பிடித்து வைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே, வாய்கள் ஒன்றுக்கொன்று விலகி இருக்க வேண்டும்.

20. ஹெட்டை வீட்டிலேயே கழட்டலாமா?

டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் வேண்டாம். இருந்தால், டைமிங் குறிகளைப் போட்டோ எடுத்துவிட்டு, ஓரத்தில் இருந்து நடுவுக்கு, இரண்டு மூன்று சுற்றாகத் தளர்த்துங்கள். கேஸ்கட் ஒட்டலைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கிரைண்டரும் எமெரியும் அலுமினியத்தில் பள்ளம் பறிக்கும். நேர்ச்சட்டத்தை மூலைவிட்டமாக வைத்து 0.05 மி.மீ. இலை நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் லேத் பட்டறையில் சமப்படுத்த வேண்டும். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கை மாட்டி, எரியும் அறையில் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். எந்த வால்வ் வழியாக ஒழுகுகிறதோ அதற்கு லேப்பிங் (பேஸ்ட் தடவி வால்வைச் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது). சீட் எரிந்து பள்ளம் விழுந்திருந்தால் லேப்பிங் பேஸ்டால் ஆகாது, சீட் கட்டிங்தான்.

திரும்ப மாட்டும்போது நடுவில் இருந்து ஓரத்துக்கு, கையேட்டில் சொன்ன படிகளில் இறுக்குங்கள். பிளாக்கில் போல்ட் குழிக்குள் ஆயிலோ நீரோ தேங்கியிருந்தால் இறுக்கும்போது பிளாக் வெடிக்கும். ஊதிக் காயவைத்துவிட்டு மாட்டுங்கள்.

21. வெள்ளத் தண்ணிக்குள்ள போய் நின்ன வண்டி. காய வச்சு ஓட்டிட்டோம். இப்ப ஒரு சிலிண்டர் 115. ஆயில் விட்டாலும் ஏறல, காத்து விட்டாலும் எங்கயும் கசியல.

9-வது, 10-வது சோதனை இரண்டிலும் தப்பிக்கும் கோளாறு ஒன்று உண்டு: வளைந்த கனெக்டிங் ராடு. நீர் அமுங்காது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால், மேலே வரும் பிஸ்டன் அதில் முட்டி ராடு வளையும். வளைந்த ராடு குட்டையாகிவிடும், பிஸ்டன் முழு உயரத்துக்கு வராது. கசிவே இல்லாமல் கம்ப்ரஷன் குறையும். மூழ்கிய வண்டியில் எல்லாப் பிளக்கையும் கழற்றி நீரை வெளியே தள்ளிய பிறகே மோட்டாரைத் தொட வேண்டும் என்பது இதனால்தான்.

பிளக் ஓட்டை நேராக இறங்கும் இன்ஜின் என்றால், ஒவ்வொரு சிலிண்டரையும் உச்சப் புள்ளியில் வைத்து, நீளமான பிளாஸ்டிக் பின்னல் ஊசியைச் செருகி உயரத்தைக் குறியுங்கள். மரக்குச்சி வேண்டாம், உடைந்து உள்ளே விழும். ஒன்று மட்டும் ஒரு மி.மீ. தாழ்ந்திருந்தாலே சந்தேகம் உறுதி. ஹெட்டைக் கழற்றிய பின் வெர்னியரில் இன்னும் துல்லியமாகத் தெரியும். ராடை நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். ராடு, அந்த பிஸ்டன், பேரிங் மூன்றையும் மாற்றி, போரில் பிஸ்டன் ஒருபக்கமாக உராய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். அதுவரை அந்த வண்டியை மலைக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், பாரத்தில் அந்த ராடு உடைந்தால் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும்.